இறப்புப் படிவம் கேட்காத கேள்வி

ஒருவர் இறந்ததைப் பதியப் போனால் அரசுப் படிவம் நிறையக் கேட்கும். வயது, மதம், தொழில், இறப்புக்குக் காரணம், புகைப்பாரா, குடிப்பாரா, பாக்கு மெல்லுவாரா, அதுவும் எத்தனை வருஷமாக! பழங்குடியா என்று மட்டும் கேட்காது. இந்த ஒரு கேள்வி விடுபட்டதால், ஏற்காட்டைச் சுற்றியுள்ள சேர்வராயன் மலைக் கிராமங்களின் மலையாளிப் பழங்குடிகளுடைய ஆயுள், சேலம் நகரவாசியின் ஆயுளைவிடக் குறைவா, குறைவென்றால் எத்தனை ஆண்டு என்று யாரும் கணக்குப் போட முடிவதில்லை. (இவர்கள் தமிழ் பேசும் மக்கள், கேரளத்து மலையாளிகள் வேறு.)

ஆயுள் எதிர்பார்ப்பு என்பது இறந்தவர்களின் வயதைக் கூட்டி வகுப்பதல்ல. ஒரு லட்சம் குழந்தைகள் இன்று பிறப்பதாக வைத்துக்கொள்கிறார்கள். ஒரு வயதுக்குள் இப்போது என்ன விகிதத்தில் சாவு நேர்கிறதோ, அதே விகிதத்தில் அந்தக் கூட்டத்திலிருந்து கழிக்கிறார்கள். பிறகு அடுத்த வயது, அதற்கடுத்த வயது, கடைசி ஆள் வரை. லட்சம் பேரும் வாழ்ந்த ஆண்டுகளைக் கூட்டி லட்சத்தால் வகுத்தால் வருவதே அந்த எண். எண்பது வயதுக்காரர் இறந்தால் கணக்கில் சில ஆண்டுகளே குறையும். பச்சைக் குழந்தை இறந்தால் எழுபது ஆண்டுக்கு மேல் போய்விடும்.

இதற்கு இரண்டு எண்கள் வேண்டும்: இருப்பவர் எத்தனை, இறந்தவர் எத்தனை. முதல் எண் இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் மலையாளிகள் ஏறத்தாழ 3.58 லட்சம் பேர். மாநிலத்தின் மிகப் பெரிய பழங்குடி. இரண்டாவது எண்தான் இல்லை. எல்லாப் பழங்குடிகளையும் சேர்த்தாலும் மாநில மக்களில் நூற்றுக்கு ஒருவர் என்பதால், மலையில் என்ன நடந்தாலும் எழுபதைத் தாண்டிய மாநிலச் சராசரி அசையாது. அந்தச் சராசரியைச் சொல்லி நாம் பெருமைப்படுவதில் எனக்குக் கொஞ்சம் கூச்சம் உண்டு.

வேறு இடங்களில் கணக்கிட்டிருக்கிறார்கள். சங்கீதா வியாஸ், பாயல் ஹாத்தி, ஆஷிஷ் குப்தா மூவரும் ஒன்பது மாநிலங்களின் தரவுகளை ஆராய்ந்து 2022-இல் வெளியிட்டார்கள். தமிழ்நாடு அதில் இல்லை. உயர்சாதி இந்துக்களைவிட ஆதிவாசிகளின் ஆயுள் நான்கு ஆண்டுக்கு மேல் குறைவு. வறுமைதான் காரணம் என்று சொல்லித் தப்ப வழியில்லை: வசதி வேறுபாட்டைக் கணக்கில் எடுத்த பிறகும் இடைவெளியில் பாதிக்கு மேல் அப்படியே நின்றது.

கணக்கிடாமல், பின்தங்கியவர்களின் ஆயுள் குறைவாகத்தான் இருக்கும் என்ற ஊகத்தை நம்பவும் முடியாது. பிரிட்டனின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் 2011 மக்கள்தொகைக் கணக்கை அதன் பிந்தைய இறப்புப் பதிவுகளோடு இணைத்துப் பார்த்து, 2021-இல் முடிவைச் சொன்னது. கறுப்பின ஆப்பிரிக்கர்களின் ஆயுள் வெள்ளையர்களின் ஆயுளைவிட அதிகம்! உடல்நலம் உள்ளவர்களே பெரும்பாலும் புலம்பெயர்கிறார்கள் என்பது ஒரு விளக்கம்.

சாவை எண்ணுவதோடு, அதில் எதைத் தடுத்திருக்கலாம் என்றும் பார்க்க வேண்டும். நல்ல மருத்துவம் நேரத்துக்குக் கிடைத்திருந்தால் நடந்திருக்காத சாவைத் 'தவிர்த்திருக்கக்கூடிய சாவு' என்கிறார்கள். பிரசவத்துக்குப் பிறகு கட்டுக்கடங்காமல் ரத்தம் போனால், நல்ல ஆரோக்கியமான பெண்ணின் உயிர்கூட இரண்டு மணி நேரத்தில் பிரியலாம். டோலி கட்டித் தூக்கிவந்து, சாலையில் வண்டிக்குக் காத்திருந்து, வளைவு வளைவாக இறங்கும் மலைக்காரிக்கு அந்த இரண்டு மணி நேரம் எவ்வளவு சிறியது!

சேர்வராயனுக்குக் கிழக்கே, கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவே சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு. அங்கும் மலையாளிகளே பெரும்பான்மை. மருத்துவத் தம்பதியர் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் 1993-இல் அங்கே ஒரு குடிசையில் வைத்தியம் தொடங்கினார்கள். அப்போது பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 147 ஓராண்டுக்குள் இறந்துகொண்டிருந்தன. உள்ளூர்ப் பெண்களையே செவிலியராகவும், ஊருக்கு ஊர் சுகாதாரப் பணியாளராகவும் பயிற்றுவித்தார்கள். ஆண்டுகள் போகப்போக 147 ஏறக்குறைய 20 ஆனது. குழந்தையை எடை போடுவது, வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுப்பது, கர்ப்பிணியை வீடு தேடிப் போய்ப் பார்ப்பது என்று அந்தப் பெண்கள் செய்ததில் பெரும்பகுதிக்குப் பெரிய ஆஸ்பத்திரி தேவைப்படவில்லை.