கண்புரை ஆபரேஷன்: கப்பல் வராத நாளுக்கும் ஒரு காவல்

கண்புரை ஆபரேஷன் இன்று சில நிமிஷ வேலை. ஆனால் கார் நிக்கோபாரில் வசிப்பவருக்கு அதற்குப் பிறகுதான் கவலை. ஸ்ரீ விஜயபுரம், அதாவது 2024 வரை நாம் போர்ட் பிளேயர் என்று அழைத்த ஊர், அங்கிருந்து சுமார் 270 கிலோமீட்டர். கடல் கொந்தளித்தால் கப்பல் ஓடாது. ஹெலிகாப்டரில் இடம் கிடைப்பது அவரவர் அதிர்ஷ்டம். ஆபரேஷன் முடிந்து தீவுக்குத் திரும்பியவருக்கு நாலாம் நாள் கண் வலித்தால் என்ன செய்வது?

வலி என்றால் சாதாரண உறுத்தல் அல்ல. கண்ணுக்குள்ளேயே கிருமி புகுந்து சீழ் வைப்பதைத்தான் சொல்கிறோம். பெரும்பாலும் முதல் வாரத்திலேயே தலைகாட்டும். கண் சிவக்கும், இமை வீங்கும், நேற்று தெரிந்தது இன்று மங்கும். சில மணி நேரத்துக்குள் கண்ணின் உட்பகுதியில் மருந்து ஊசி போட்டாக வேண்டும். தாமதித்தால் பார்வை போய்விடும்.

இந்தக் கிருமி எங்கிருந்து வருகிறது? பல சமயம் நோயாளியின் சொந்த இமையிலிருந்தும் தோலிலிருந்தும்தான். ஆகவே ஆபரேஷனுக்கு முன் 5 சதவீத போவிடோன் அயோடின் கரைசலைக் கண்ணில் விட்டுச் சில நிமிஷம் காத்திருக்கிறார்கள். மலிவான மருந்து; இதைவிட நம்பகமான முதல் காவல் இல்லை.

இரண்டாவது காவல், ஆபரேஷன் முடியும் தறுவாயில் கண்ணின் முன்னறைக்குள் செலுத்தப்படும் ஆன்டிபயாடிக். ஐரோப்பாவில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று, செஃபுராக்சிம் மருந்தை இப்படிச் செலுத்தினால் தொற்று ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகக் குறைகிறது என்று 2007-ல் காட்டியது. ஆனால் அந்த மருந்து பொடியாக வந்தால் அளவாகக் கரைக்க வேண்டும். கரைப்பதில் தவறினால் கண்ணுக்கே ஆபத்து.

நம்மவர்கள் பெருமைப்பட வேண்டிய இடம் இங்கேதான் வருகிறது. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, மாக்சிஃப்ளாக்சசின் என்ற மருந்தைக் கையாண்டது. கரைக்கும் வேலையில்லாத தயார் மருந்து. ஒரு கண்ணுக்கு 0.1 மில்லி, ஏறக்குறைய இரண்டு சொட்டு. 6 லட்சத்து 17 ஆயிரத்துக்கும் அதிகமான கண்களின் கணக்கை ஆராய்ந்து 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். ஊசி போடாதவர்களில் பத்தாயிரத்துக்கு ஏழு பேருக்குத் தொற்று வந்தது. போட்டவர்களில் இரண்டே பேருக்கு. ஏழும் சிறிய எண்தானே என்று நினைக்கலாம். அந்த ஏழில் ஒருவர் கப்பலுக்குக் காத்திருக்கும் தீவுவாசியாக இருந்தால் தெரியும்.

தீவுக்கு இந்த ஊசி ஏன் இவ்வளவு பொருத்தம்? வீட்டில் தனியாக இருக்கும் வயோதிகர் நாளைக்கு நாலு வேளை சொட்டு மருந்தைக் குறி பார்த்துக் கண்ணில் விடுவது சுலபமல்ல. பாதி கன்னத்தில் வழியும். ஊசி மருந்தோ உள்ளேயே போய்விடுகிறது. அதற்காக டாக்டர் கொடுத்த சொட்டு மருந்தை நிறுத்திவிடக் கூடாது.

ஊசி இருக்கிறதென்று ஆபரேஷன் அறையில் சுத்தம் தளரவும் கூடாது. 2008-ல் விழுப்புரம் மாவட்ட முகாம் மூலம் ஆபரேஷன் செய்துகொண்ட ஏழைகளில் 60-க்கும் மேற்பட்டோர் தொற்றால் பார்வை இழந்ததைத் தமிழ்நாடு மறக்கவில்லை. கருவியோ கரைசலோ கெட்டிருந்தால் இரண்டு சொட்டு மருந்து என்ன செய்யும்?

ஆபரேஷனுக்குப் போகும் தீவு வாசகர்கள் டாக்டரிடம், "முடிவில் கண்ணுக்குள் ஆன்டிபயாடிக் போடுவீர்களா?" என்று கேட்பதில் தவறில்லை. எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாது என்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சர்க்கரை வியாதியைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். முடிந்தால் ஒரு வாரம் ஸ்ரீ விஜயபுரத்தில் உறவினர் வீட்டில் தங்கிவிட்டுக் கப்பல் ஏறுவது நல்லது. டாக்டர் அனுமதிக்கும் வரை கடல் குளியல் கிடையாது.

ஊர் திரும்பிய பின் பார்வை நாளுக்கு நாள் தெளிய வேண்டும். மங்கினாலோ வலித்தாலோ, விடியட்டும் என்று படுக்காமல், டிஸ்சார்ஜ் சீட்டுடன் கார் நிக்கோபார் பிஷப் ஜான் ரிச்சர்ட்சன் மருத்துவமனைக்கு அப்போதே கிளம்ப வேண்டும். மேல் சிகிச்சைக்கு அனுப்ப வேண்டுமா என்பதை அங்கே தீர்மானிப்பார்கள்.