முக்திநாத் யாத்திரை: விசா வேண்டாம், ஆவணம் வேண்டும்!

பெருமாள் கோயில் கொண்டருளும் திவ்யதேசங்கள் 108. அவற்றுள் திருப்பாற்கடலும் பரமபதமும் இப்பூவுலகில் காண்பதற்கு அரியவை. எஞ்சிய 106 தலங்களில் 105 தலங்கள் இந்திய மண்ணில் உள்ளன. ஒரே ஒரு தலம் மட்டும் எல்லை கடந்து, நேபாள நாட்டின் இமயச் சாரலில் விளங்குகிறது. திருமங்கையாழ்வார் பத்துப் பாசுரங்களால் மங்களாசாசனம் செய்த திருச்சாளக்கிராமமே அத்தலம். முஸ்டாங் மாவட்டத்தில் உள்ள முக்திநாத் ஆலயத்தையே திருச்சாளக்கிராமமாகக் கருதி அடியார்கள் பெருந்திரளாகச் சென்று சேவிக்கின்றனர்.

ஆலயத்தைச் சுற்றி அரைவட்டமாக அமைந்த 108 தாரைகளில் பனி உருகிய நீர் இடையறாது விழுகிறது. சந்நிதியின் முன்னே இரு குண்டங்கள் உள்ளன. அருகிலுள்ள ஜ்வாலாமாயி ஆலயத்தில், நீரோடும் பாறையிடுக்கில் சுடர் எரிகிறது. வைணவர்களும் பௌத்தர்களும் ஒருசேரப் போற்றும் புண்ணியத் தலம் இது. வீட்டுப் பூஜையில் வைத்து ஆராதிக்கும் சாளக்கிராம மூர்த்திகள் கிடைப்பதும் இப்பகுதியில் ஓடும் கண்டகி நதியின் படுகையில்தான்.

பணி ஓய்வு பெற்று, பிள்ளைகளைக் கரையேற்றிய பிறகே பெரும்பாலோருக்கு இந்த யாத்திரை வாய்க்கிறது. நேபாளம் செல்ல இந்தியருக்கு விசா தேவையில்லை என்பது அவர்களுக்குப் பெரும் ஆறுதல். ஆனால், விசா தேவையில்லை என்பதை எந்த ஆவணமும் தேவையில்லை என்று பொருள் கொள்வோர் பலர். காசி, கயை யாத்திரைக்குப் புறப்படுவதுபோல் ஆதார் அட்டையை மட்டும் கைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினால், பல மாதத் திட்டமிடல் விமான நிலையத்திலேயே வீணாகிவிடக்கூடும்.

விசா ஏன் தேவையில்லை?

1950-ஆம் ஆண்டு ஜூலை 31 அன்று இந்தியாவும் நேபாளமும் அமைதி, நட்புறவு ஒப்பந்தம் ஒன்றைச் செய்துகொண்டன. ஒரு நாட்டுக் குடிமக்கள் மற்ற நாட்டில் வசிக்கவும், தொழில் புரியவும், தடையின்றிச் சென்று வரவும் அந்த ஒப்பந்தத்தின் 7-ஆவது பிரிவு வழிவகுத்தது. உத்தராகண்ட், உத்தரப் பிரதேசம், பீகார், மேற்கு வங்கம், சிக்கிம் ஆகிய ஐந்து மாநிலங்களை ஒட்டி 1,700 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் இந்த எல்லை, திறந்த எல்லையாகவே இருந்து வருகிறது. இரு நாட்டு மக்களும் திருமண உறவுக்காகவும், வணிகத்துக்காகவும், தெய்வ வழிபாட்டுக்காகவும் அன்றாடம் கடந்து செல்கின்றனர்.

எல்லை திறந்திருந்தாலும், கடந்து செல்பவர் இந்தியக் குடிமகன்தான் என்பதற்குச் சான்று வேண்டும். அங்கேதான் ஆவணத்தின் தேவை எழுகிறது.

எந்த ஆவணம் செல்லும்?

விமானத்தில் நேபாளம் செல்லும் இந்தியர்களுக்கு இரண்டு ஆவணங்களே முதன்மையானவை. ஒன்று, காலாவதியாகாத பாஸ்போர்ட். மற்றொன்று, இந்தியத் தேர்தல் ஆணையம் வழங்கிய வாக்காளர் அடையாள அட்டை. இரண்டில் ஏதேனும் ஒன்றின் மூல ஆவணம் கையில் இருக்க வேண்டும். நகலோ, கைப்பேசியில் எடுத்த படமோ போதாது.

ஆதார் இப்பட்டியலில் இல்லை. ஆதார் ஒருவரின் அடையாளத்துக்கும் முகவரிக்கும் சான்று. குடியுரிமைக்குச் சான்று அன்று. வங்கியிலும் ரேஷன் கடையிலும் உள்நாட்டு விமானத்திலும் ஏற்கப்படும் அட்டை, காத்மாண்டு விமானத்துக்கு ஏற்கப்படாமல் போவதன் காரணம் இதுவே.

மூத்தோருக்கு உள்ள சலுகை

இவ்விதியில் முதியோருக்கு ஒரு சலுகை உண்டு. 65 வயதைக் கடந்தவர்களும், 15 வயது நிரம்பாத சிறுவர்களும் பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ காட்டவேண்டிய கட்டாயம் இல்லை. வயதையும் அடையாளத்தையும் உறுதிப்படுத்தும், புகைப்படத்துடன் கூடிய ஆவணம் ஒன்று போதும். பான் அட்டை, ஓட்டுநர் உரிமம், மத்திய அரசு சுகாதாரத் திட்ட அட்டை போன்றவை இதற்கு உதவும். இந்த இரு வயதுப் பிரிவினருக்கு மட்டும் ஆதார் அட்டையும் ஏற்கப்படும் என்று மத்திய உள்துறை அமைச்சகம் 2019-இல் தெளிவுபடுத்தியது.

சிக்கல் எழுவது தம்பதியர் சேர்ந்து செல்லும்போதுதான். கணவருக்கு வயது 69, மனைவிக்கு 62 என்று வைத்துக்கொள்ளலாம். இருவரும் ஆதார் அட்டையுடன் விமான நிலையம் சென்றால், கணவருக்கு அனுமதி கிடைக்கும்; மனைவிக்குக் கிடைக்காது. சலுகை ஒவ்வொருவரின் வயதுக்கும் தனித்தனியே உரியது. பயண முகவரிடம் முன்பணம் செலுத்தும் முன்னரே, குழுவில் உள்ள ஒவ்வொருவரின் வயதையும் ஆவணத்தையும் பட்டியலிட்டுச் சரிபார்ப்பது நலம்.

தமிழகக் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய மற்றொன்று, ரேஷன் ஸ்மார்ட் அட்டை. அதில் குடும்பத் தலைவரின் படம் மட்டுமே உள்ளது. விவரங்கள் தமிழில் உள்ளன. உத்தரப் பிரதேச எல்லையிலோ டெல்லி விமான நிலையத்திலோ உள்ள அலுவலருக்கு அதைப் படித்துப் புரிந்துகொள்வது கடினம். ஆங்கிலத்திலும் விவரம் அச்சிடப்பட்ட அட்டையை எடுத்துச் செல்வதே தக்கது. சலுகைக்கு உரிய வயதினரும்கூட, பாஸ்போர்ட் இருந்தால் அதையே கொண்டு செல்லலாம். கேள்விக்கே இடமிராது.

பெயரும் முன்னெழுத்தும்

தமிழர்களுக்கே உரிய தொல்லை ஒன்றும் உண்டு. தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாகக் கொள்ளும் வழக்கத்தால், ஒரே மனிதரின் பெயர் ஓர் அட்டையில் கே.ராமசாமி என்றும், மற்றொன்றில் ராமசாமி கிருஷ்ணன் என்றும் இருக்கும். பெண்களுக்கோ திருமணத்துக்கு முன் தந்தை பெயர், பின் கணவர் பெயர் என மேலும் ஒரு மாறுதல். எந்த ஆவணத்தைக் காட்டப் போகிறாரோ, அதில் உள்ள பெயரை எழுத்து மாறாமல் விமானச் சீட்டில் பதியச் செய்ய வேண்டும். பயண முகவரிடம் வாய்மொழியாகப் பெயரைச் சொல்வதைவிட, ஆவணத்தின் நகலைக் கொடுப்பதே பாதுகாப்பானது.

வான்வழியும் தரைவழியும்

டெல்லியிலிருந்து காத்மாண்டு செல்வது குறுகிய பயணம்தான். ஆயினும் அது சர்வதேச விமானம். குடியேற்றத் துறைச் சோதனை, சுங்கச் சோதனை அனைத்தும் உண்டு. சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ டெல்லி சென்று விமானம் மாறுவோர், இரண்டு விமானங்களுக்கும் இடையே நான்கைந்து மணி நேரமாவது விட்டுச் சீட்டு எடுப்பது நல்லது. சக்கர நாற்காலி தேவைப்படுவோர் சீட்டு எடுக்கும்போதே அதைப் பதிவு செய்துவிடலாம்.

தரைவழியில் செல்வோர் பெரும்பாலும் கோரக்பூர் வரை ரயிலில் சென்று, அங்கிருந்து சுனௌலி எல்லையைக் கடந்து பொக்ராவை அடைகின்றனர். பீகாரின் ரக்சௌல் வழியே பீர்கஞ்ச் சென்று காத்மாண்டு அடைவோரும் உண்டு. சீதாபிராட்டி அவதரித்த ஜனக்பூரைத் தரிசிக்க விரும்புவோருக்கு, பீகாரின் ஜெய்நகரிலிருந்து 2022 முதல் மீண்டும் ரயில் ஓடுகிறது.

தரைவழியில் குடும்பமாகச் செல்லும்போது ஒரு தளர்வு உண்டு. வயது வந்த ஒருவரிடம் பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ இருந்தால், மற்றவர்கள் புகைப்பட அடையாளத்தையும் குடும்ப உறவைக் காட்டும் சான்றையும் அளித்துச் செல்லலாம். விமானப் பயணத்துக்கு இத்தளர்வை நம்பலாகாது.

இந்தியப் பதிவெண் கொண்ட வாகனம் எல்லை தாண்ட, 'பன்சார்' எனப்படும் நேபாளச் சுங்க அனுமதி பெற வேண்டும். தங்கும் நாட்களைக் கணக்கிட்டுக் கட்டணம் விதிக்கப்படும். வாடகை வாகனத்தில் செல்வோர், இந்தக் கட்டணம் பேசிய தொகையில் அடங்குமா என்று முன்பே கேட்டுக்கொண்டால் எல்லையில் வாக்குவாதம் நேராது.

வெளிநாட்டில் வாழும் பிள்ளைகள் உடன் வந்தால்

பெற்றோரை முக்திநாத் அழைத்துச் செல்ல, அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ வாழும் மகனும் பேரக்குழந்தைகளும் விடுமுறையில் வந்து சேர்வது இப்போது வழக்கமாகிவிட்டது. அவர்கள் வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர்களாயின், 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் சலுகை அவர்களுக்கு இல்லை. தாத்தாவும் பாட்டியும் விசா இன்றிக் கடக்கும் அதே எல்லையில், பேரன் விசா பெற்றாக வேண்டும். வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டை, அதாவது ஓ.சி.ஐ. அட்டை, இந்தியாவுக்குள் திரும்பி வரவே உதவும்; நேபாளத்தில் அது விசாவுக்கு ஈடாகாது.

பெரும்பாலான நாட்டினருக்குக் காத்மாண்டு விமான நிலையத்திலும் முக்கிய எல்லைச் சாவடிகளிலும் நேபாள விசா உடனடியாக வழங்கப்படுகிறது. 15 நாட்களுக்கு 30 டாலர், 30 நாட்களுக்கு 50 டாலர், 90 நாட்களுக்கு 125 டாலர் என்பது கட்டணம். விண்ணப்பத்தை இணையத்தில் முன்னரே நிரப்பி, அதன் அச்சுப் பிரதியை எடுத்துச் சென்றால் வரிசையில் நிற்கும் நேரம் குறையும்.

இந்திய விசாவில் வந்திருக்கும் உறவினர்கள், அது ஒருமுறை நுழைவுக்கு மட்டும் உரியதா, பலமுறை நுழைவுக்கு உரியதா என்று பார்க்க வேண்டும். ஒருமுறை நுழைவு விசாவுடன் நேபாளம் சென்றுவிட்டால், திரும்பி இந்தியாவுக்குள் வர இயலாது. சுனௌலி போன்ற இடங்களில் கூட்டத்தோடு கூட்டமாக நடந்து எல்லையைத் தாண்டிவிடுவது எளிது. ஆனால், வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருப்பவர் இந்தியச் சாவடியில் வெளியேறும் முத்திரையும், நேபாளச் சாவடியில் நுழையும் முத்திரையும் பெறாமல் சென்றால், ஊர் திரும்பும்போது பெரும் சிக்கலுக்கு ஆளாவார்.

பசுபதிநாதர் சந்நிதியில்

காத்மாண்டுவில் பாக்மதி நதிக்கரையில் எழுந்தருளியுள்ள பசுபதிநாதரைத் தரிசிக்காமல் எவரும் திரும்புவதில்லை. கர்நாடகத்திலிருந்து வரும் பட்டர்களே இங்கு மூலவருக்குப் பூஜை செய்யும் மரபு நீண்ட காலமாக நிலவுகிறது. பிரதான ஆலயத்துக்குள் இந்துக்களுக்கே அனுமதி. வெளிநாட்டு மருமகனோ மருமகளோ உடன் வந்தால் வாயிலில் தடுக்கப்படக்கூடும். இதை அவர்களுக்கு முன்பே பக்குவமாக எடுத்துச் சொல்லிவிட்டால், சந்நிதி வாசலில் மனவருத்தம் ஏற்படாது. தோல் பொருள்களுக்கும், உள்ளே புகைப்படம் எடுப்பதற்கும் அனுமதி இல்லை.

பணமும் மருந்தும் மலையும்

100 இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய் என்ற மாற்று மதிப்பு 1993 முதல் மாறாமல் உள்ளது. உயர்மதிப்பு இந்திய நோட்டுகள் பற்றிய விதிகள் பலமுறை மாறியுள்ளன. 100 ரூபாய் நோட்டுகளாகக் கொண்டு செல்வதே தொல்லையற்றது. நேபாளக் கடிகாரம் இந்திய நேரத்தைவிட 15 நிமிடம் முன்னதாக ஓடும் என்பதையும் விமானத்துக்குச் செல்வோர் மறக்கலாகாது.

பொக்ராவிலிருந்து ஜோம்சோமுக்குச் செல்லும் சிறு விமானங்கள் காலையில் மட்டுமே பறக்கின்றன. நண்பகலில் பள்ளத்தாக்கில் பலத்த காற்று எழும்; மேகம் கவிந்தால் விமானம் ரத்தாகும். 2025 செப்டம்பரில் காத்மாண்டுவில் கலவரம் மூண்டபோது அங்குள்ள விமான நிலையமே மூடப்பட்டது. ஆகவே, ஊர் திரும்பும் சீட்டுக்கு முன் இரண்டு நாட்களாவது இடைவெளி வைத்துக்கொள்வது விவேகம். முக்திநாத் பகுதி அன்னபூர்ணா பாதுகாப்பு வட்டாரத்தில் உள்ளதால், அதற்கான நுழைவு அனுமதியும் பெற வேண்டும்.

ஜோம்சோம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,700 மீட்டர் உயரத்தில் உள்ளது; முக்திநாத் 3,700 மீட்டருக்கும் மேல். காற்றில் பிராணவாயு குறைவு. இதய நோய், ஆஸ்துமா, இரத்த அழுத்தம் உடையோர் மருத்துவரின் ஒப்புதல் பெற்றே புறப்பட வேண்டும். மருந்துகளை அவற்றின் உறையோடும், மருத்துவர் எழுதிய சீட்டோடும் கொண்டு செல்ல வேண்டும். உள்நாட்டு மருத்துவக் காப்பீடு எல்லைக்கு அப்பால் செல்லுமா என்று பார்த்து, இல்லையெனில் பயணக் காப்பீடு எடுப்பது அவசியம். 108 தாரைகளிலும் நீராட இயலாதவர்கள், அந்நீரைச் சிரசில் புரோட்சித்துக்கொண்டு பெருமாளைச் சேவிக்கலாம்.

கயிலாயத்துக்கு விதி வேறு

முக்திநாத் வரை சென்றவர்கள், அப்படியே கயிலாயமும் சென்று வரலாமே என்று எண்ணுவது இயல்பு. நேபாளம் வழியாகச் சென்றாலும், கயிலாயமும் மானசரோவரும் இருப்பது சீனாவின் ஆளுகையில் உள்ள திபெத்தில். அங்கு செல்ல பாஸ்போர்ட், சீன விசா, திபெத் அனுமதி மூன்றும் வேண்டும். வாக்காளர் அட்டையோ, முதியோர் சலுகையோ அங்கே பயன்படா. இந்திய அரசு நடத்தும் கயிலாய யாத்திரைக்கு 70 வயது உச்ச வரம்பும் உண்டு.

ஆவணம் தொலைந்தால்

நேபாளத்தில் ஆவணத்தைத் தொலைத்தவர்கள் காத்மாண்டுவில் உள்ள இந்தியத் தூதரகத்தை அணுக வேண்டும். தாயகம் திரும்புவதற்கான சான்றைத் தூதரகம் வழங்கும். ஆவணங்களின் நகல் ஒன்றைப் பெட்டியிலும், மற்றொன்றை ஊரில் உள்ள பிள்ளைகளிடமும் கொடுத்து வைத்திருந்தால் அந்தச் சான்றைப் பெறுவது எளிதாகும்.

பங்குனி முதல் வைகாசி வரையிலும், புரட்டாசி முதல் கார்த்திகைத் தொடக்கம் வரையிலும் இந்த யாத்திரைக்கு உகந்த காலம். புறப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பே ஆவணங்களை எடுத்துப் பார்த்தால், வாக்காளர் அட்டையில் பிழை திருத்தவும், பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கவும் அவகாசம் கிடைக்கும். அவ்வாறு ஆயத்தமாகிச் செல்வோர், மனத்தில் கவலையின்றி அந்தப் பனிமலைச் சந்நிதியில் முக்தி நாராயணனைக் கண்குளிரச் சேவித்துத் திரும்பலாம்.