பிரிட்டனில் சர்க்கார் கணினிப் பணிகளின் மேற்பார்வை

கணினி அமைப்பை உருவாக்குவதும் கட்டடம் எழுப்புவதும் ஒன்றல்ல. கட்டடத்தின் பிழையைச் சுவரைப் பார்த்தே கூறிவிடலாம். கணினி அமைப்பின் பிழையோ, பெரும்பாலும் பணம் கொடுத்துத் தீர்ந்த பின்னரே வெளிப்படும். இங்கிலாந்தில் நோயாளிகளின் குறிப்புகளை ஒருங்கிணைப்பதற்காக 2002-ல் தொடங்கிய பெருந்திட்டம், பல நூறு கோடிப் பவுன் செலவான பின், 2011-ல் கலைக்கப்பெற்றது.

அதே 2011-ல் மந்திரிசபை அலுவலகத்தின் கீழ் அரசாங்க மின்னணுச் சேவைப் பிரிவு ஏற்படுத்தப்பெற்றது. இதன் வலிமை அறிவுரை கூறுவதில் இல்லை. பணப்பையின் வாயைப் பிடித்திருந்ததில்தான் இருந்தது. ஒரு லட்சம் பவுனுக்கு மேற்பட்ட மின்னணுச் சேவை எதற்கும் இலாகாக்கள் இப்பிரிவின் இசைவைப் பெறவேண்டியிருந்தது. ஊருணி வெட்டும் மதிப்பீட்டைப் பொறியாளர் பார்த்துக் கையொப்பமிடுவது போன்றதே இது எனலாம். 10 கோடிப் பவுனுக்கு மேற்பட்ட ஒப்பந்தம் தக்க காரணமின்றிச் செய்யலாகாது, ஒப்பந்தங்கள் தாமாக நீடிக்கலாகா என்னும் வரம்புகளும் 2014-ல் விதிக்கப்பட்டன.

அவ்வாண்டிலேயே 26 விதிகள் கொண்ட தரநிலை நடைமுறைக்கு வந்தது. புதிய சேவை ஒன்றைப் பொதுமக்களுக்குத் திறக்குமுன் நிபுணர் குழு அதனைச் சோதிக்கும். பயன்படுத்துவோரை வைத்தே அது பரீட்சிக்கப்பட்டதா, கணினியைக் கையாள இயலாதவர்க்கு உதவி உண்டா என்று குழு கேட்கும். இந்த இரண்டாவது வினா நம் கவனத்துக்கு உரியது. முதியோரும் எழுத்தறிவு குன்றியோரும் உரிய உதவித்தொகையை இழப்பது இங்கேதான். அத்தரநிலையின் கடைசி விதி சற்றுச் சுவையானதாக இருந்தது: பொறுப்புடைய மந்திரியே அச்சேவையைத் தொடக்கமுதல் முடிவுவரை பயன்படுத்திப் பார்க்கவேண்டியிருந்தது!

மேற்பார்வை செய்வோரே ஓர் அமைப்பை உருவாக்கப் புகுந்தால் அவர்களை யார் மேற்பார்ப்பது? குடிமக்கள் தம் அடையாளத்தை மெய்ப்பிக்கும் ஒரே முறை ஒன்றை இப்பிரிவு 2016-ல் தொடங்கிற்று. 2020-க்குள் இரண்டரைக் கோடிப் பேர் சேர்வர் என்பது இலக்கு. 2019 பிப்ரவரி வரை சேர்ந்தவரோ 36 லட்சம் பேரே. முயன்றவரில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கே அடையாளம் உறுதியாயிற்று என்பதைத் தேசியத் தணிக்கை அலுவலகம் 2019 மார்ச்சில் எடுத்துரைத்தது. அம்முறை 2023-ல் மூடப்பட்டது.

இதற்கிடையே, 2021-ல் செலவுக் கட்டுப்பாடும் தரநிலைப் பணியும் வேறோர் அலுவலகத்துக்கு மாற்றப்பெற்றன. 2025-ல் இரண்டும் மீண்டும் ஒன்றாகி, விஞ்ஞான தொழில்நுட்ப இலாகாவின்கீழ் அமைந்தன.