டெக்லா லோரூப்

டெக்லா லோரூப் (பிறப்பு: 9 மே 1973) கென்யாவைச் சேர்ந்த நெடுந்தொலைவு ஓட்ட வீராங்கனை ஆவார். மேற்கு போக்கொட் பகுதியில் பிறந்த இவர், 1994இல் நியூயார்க் மாரத்தானில் வென்ற முதல் ஆப்பிரிக்கப் பெண்ணானார். உலகத் தடகளப் போட்டிகளில் 10,000 மீட்டர் ஓட்டத்தில் இருமுறை (1995, 1999) வெண்கலப் பதக்கம் பெற்றார். 1998இல் ரோட்டர்டாமிலும் 1999இல் பெர்லினிலும் மாரத்தான் உலக சாதனை படைத்தார். பெர்லினில் இவரது நேரம் 2:20:43.

சமூகப் பணி

இவரது பகுதியில் போக்கொட், துர்க்கானா முதலிய மேய்ச்சல் இனக்குழுக்களிடையே கால்நடைக் கவர்தலால் ஏற்படும் மோதல்களில் பலர் உயிரிழந்துள்ளனர். இப்பகையைத் தணிக்க, 2003இல் தம் பெயரில் அமைதி அறக்கட்டளை ஒன்றை நிறுவினார். பகை கொண்ட குழுவினரை ஒரே பாதையில் ஓடச் செய்யும் அமைதி ஓட்டங்களை அது நடத்திவந்தது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் முதன்முறையாகப் பங்கேற்ற ஏதிலியர் அணிக்கு இவரே தலைமைப் பொறுப்பு வகித்தார். அவ்வணியின் 10 பேரில், தென் சூடானைச் சேர்ந்த ஐந்து ஓட்டக்காரர்கள் கென்யாவில் இவரது அறக்கட்டளையின் முகாமில் பயிற்சி பெற்றவர்கள்.