தவிடு தின்ற சிப்பாய்கள்

சிங்கப்பூரின் காத்தோங்கிற்கு லக்சா சாப்பிட வருகிறவர்களில் பெரும்பாலோர் ஸ்டில் ரோடு சவுத் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. அங்கே சாலைக்கு இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதியாகப் பிரிந்து நிற்கிறது காரைக்கால் மகால். காரைக்காலிலிருந்து வந்து, ஆடுமாடு இறக்குமதியில் பெரும் பணம் சேர்த்த மூனா காதர் சுல்தான் முதல் உலகப் போர்க் காலத்தில் தொடங்கிக் கட்டிய கடற்கரை மாளிகை அது. மண் கொட்டித் தூர்த்ததில் கடல் எங்கோ தள்ளிப் போய்விட்டது. பின்னால் போட்ட சாலை வளாகத்தையே இரண்டாக வெட்டிவிட்டது.

1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. இரண்டு நாள் கழித்து, பாடாங் திடலில் கூட்டப்பட்ட ஐரோப்பியக் குடிமக்களை வெயிலில் காத்தோங் வரை நடத்தி வந்தார்கள். அவர்களில் பலரை இந்த மகாலிலும் ஜூ சியட் காவல் நிலையத்திலும் அடைத்தார்கள். மார்ச் மாதம் அவர்கள் சாங்கி சிறைக்குப் போனார்கள். அதே பிப்ரவரி 17இல் பிரிட்டிஷ், ஆஸ்திரேலியச் சிப்பாய்கள் சுமார் 50,000 பேர் சாங்கி முகாம்களுக்கு நடந்தார்கள். லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஃபேரர் பார்க் திடலில், 40,000க்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் ஜப்பானியர் கையில் ஒப்படைக்கப்பட்டார்கள்.

பட்டாளத்துச் சாப்பாடு என்றாலே எலி, பாம்பு, நத்தை என்று கதை கேட்கத்தான் நமக்குப் பிடிக்கும். சாங்கியில் நத்தையும் உண்டு. தோட்டங்களை அழிக்கும் பெரிய ஆப்பிரிக்க நத்தையைப் பிடித்து அவித்துத் தின்றார்கள், மோசமில்லாத புரதம். ஆனால் அங்கே பரிமாறப்பட்டதிலேயே விசித்திரமான, ஆபத்தான உணவு என்று நான் சொல்வது நன்றாகத் தீட்டிய வெள்ளைச் சோற்றைத்தான்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தொடக்க மாதங்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய அரைக் கிலோ அரிசி. தொட்டுக்கொள்ளப் பேருக்கு ஏதோ. தீட்டிய அரிசியில் 100 கிராமுக்குச் சுமார் 0.07 மில்லிகிராம்தான் தயமின், அதாவது வைட்டமின் பி1, இருக்கும். அரைக் கிலோவுக்கு 0.35 மில்லிகிராம். கழுவிக் கஞ்சி வடித்தால் அதிலும் ஒரு பங்கு போய்விடும். புழு பிடிக்காமலிருக்கச் சுண்ணாம்பு தூவிய பழைய அரிசி வந்தால் இன்னும் மோசம். காரத்தன்மை பட்டால் தயமின் சிதைந்துவிடும். வளர்ந்த ஆணுக்கு ஒரு நாளைக்குத் தேவை சுமார் 1.2 மில்லிகிராம்.

மாவுச்சத்தை எரித்துச் சக்தியாக்கும் வழியில் பைருவேட் என்றொரு இடைப்பொருள் உருவாகிறது. அதை அடுத்த கட்டத்துக்குத் தள்ளும் நொதிக்குத் தயமின் துணை வேண்டும். துணை இல்லாவிட்டால் பைருவேட் தேங்கி, லாக்டிக் அமிலம் ஏறி, சக்தியை அதிகம் கேட்கும் நரம்பும் இதயமும் முதலில் தடுமாறும். சோறு கூடக் கூடத் தயமின் தேவையும் கூடும் என்பதுதான் இதில் கொடுமை. வெள்ளைச் சோற்றை மட்டும் வயிறு நிறையப் போடப் போட, கையிருப்பு வேகமாகக் கரையும். உடலின் மொத்தச் சேமிப்பே சுமார் 30 மில்லிகிராம். சில வாரங்களில் தீர்ந்துவிடும். முகாமில் பெரிபெரி என்னும் இந்தப் பற்றாக்குறை நோய் வரத் தொடங்கியதும் சில வாரங்களில்தான். கால் மரத்தது, முழங்காலுக்குக் கீழே நீர் கோத்து வீங்கியது, சிலருக்கு இதயம் நின்றது.

கைதிகளுள் இருந்த மருத்துவர்களுக்கு நோய் தெரியும், மருந்தும் தெரியும். மருந்துதான் கையில் இல்லை. அரிசி ஆலையில் கழித்த தவிட்டைக் கேட்டு வாங்கினார்கள். மாட்டுக்கும் கோழிக்கும் போடும் அந்தத் தவிட்டில் 100 கிராமுக்கு இரண்டரை மில்லிகிராம் அளவுக்குத் தயமின் உண்டு. கைப்பிடித் தவிடு ஒரு நாளுக்குப் போதும். தின்பதுதான் பாடு. தவிட்டில் 15 முதல் 20 சதவீதம் எண்ணெய். தீட்டிய உடனேயே அதிலுள்ள நொதி எண்ணெயைச் சிதைக்கத் தொடங்கிவிடுவதால் சில நாட்களில் காறல் வாடை அடிக்கும். அதோடு வண்டும் மண்ணும். தொண்டையில் இறங்காத அந்தத் தூளைச் சோற்றில் பிசைந்து விழுங்கினார்கள். மாட்டு வியாபாரத்தில் எழும்பிய மாளிகை இருந்த ஊரில், மாட்டுத் தீனிக்கு அப்படியொரு கிராக்கி!

அடுத்தது புல். பி2 பற்றாக்குறையால் வாயோரம் வெடித்தது, விரைப்பையில் தோலுரிந்து எரிந்தது, பார்வை மங்கியது. லாலாங் புல்லை வெட்டி, நசுக்கி, நீரில் ஊறவைத்துச் சாற்றை வடித்து, பச்சையாக, கசப்பாக டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார்கள். இதற்கென்றே முகாமில் கிடைத்த சாமான்களை வைத்துப் புல் நசுக்கும் இயந்திரம் கட்டினார்கள். மனிதக் குடல் புல்லின் நாரைச் செரிக்காது. பி2 தண்ணீரில் கரையும் என்பதால் சாறே போதும். ஈஸ்ட்டையும் வளர்த்தார்கள். ஈஸ்ட் பி வகை வைட்டமின்களைத் தன் உடம்பில் சேர்த்து வைக்கும். ஆனால் உயிரோடு விழுங்கினால் குடலிலும் விட்டுக்கொடுக்காது, சூடுகாட்டிக் கொன்றுதான் தர வேண்டும். சிங்கப்பூர் வீடுகளில் இன்று காய்ச்சல்காரருக்குக் கஞ்சியில் கலக்கும் மார்மைட்டும் பீர் ஆலையில் மிஞ்சிய ஈஸ்ட்டின் சாறுதான். சாங்கியில் ஒரு புட்டி மார்மைட் புதையலுக்குச் சமம்.

சோயா வந்தபோது வேறு சிக்கல். வயிற்றுப்போக்கில் கிடந்தவர்களுக்கு அந்த மொச்சை போன நிறத்திலேயே வெளியே வந்தது. ஜாவா பழக்கம் தெரிந்த டச்சுக்காரர்கள் அதைப் பூஞ்சை கட்டவிட்டு டெம்பே ஆக்கினார்கள். குடல் செய்ய முடியாத வேலையில் பாதியைப் பூஞ்சை முன்கூட்டியே செய்து கொடுத்தது.

இந்த அறிவெல்லாம் எங்கிருந்து வந்தது? அதுவும் பட்டாளத்துச் சமையலறையிலிருந்துதான். ஜாவாவின் படேவியாவில் ராணுவ மருத்துவமனையின் மிச்சச் சோற்றைத் தின்ற ஆய்வுக்கூடக் கோழிகள் கால் துவண்டு விழுந்தன. புதிதாக வந்த சமையல்காரர், ராணுவச் சோற்றைச் சிவிலியன் கோழிக்குப் போட முடியாது என்று மறுத்துவிட்டார். தீட்டாத மட்ட அரிசிக்கு மாறிய கோழிகள் தேறின. இதைக் கவனித்த மருத்துவர் எய்க்மனுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்ததில் பெயர் தெரியாத அந்தக் கறார் சமையல்காரருக்கும் பங்குண்டு என்பேன். அந்தக் கோழிகள் விழுவதற்குச் சில ஆண்டு முன்பே, 1884இல், ஜப்பானியக் கடற்படை மருத்துவர் தகாகி கானெஹிரோ ஒரு போர்க்கப்பலின் சாப்பாட்டை மாற்றிக் காட்டியிருந்தார். பின்னர் பார்லி கலந்த சோறு கடற்படைக்கு வந்து, பெரிபெரி ஒழிந்தது. தரைப்படை கேட்கவில்லை. அதன் மருத்துவ அதிகாரியும் பெரிய நாவலாசிரியருமான மோரி ஓகாய், இது கிருமி நோய் என்று பிடிவாதமாக நின்றார். 1904-05 ரஷ்யப் போரில் அந்தப் படை பெரிபெரிக்குப் பறிகொடுத்தவர்கள் ஆயிரக்கணக்கில்.

நம் கதை மலாயாவில் இருக்கிறது. அங்கே 1900களில் ஈயச் சுரங்கத்துச் சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியில் மடிந்துகொண்டிருந்தபோது, தோட்டத்துத் தமிழர்களுக்கு அது அநேகமாக வரவேயில்லை. பிராடன் என்ற அரசு மருத்துவர் தட்டைக் கவனித்தார். சீனர் தின்றது தீட்டிய சயாம் பச்சரிசி, தமிழர் தின்றது புழுங்கல். அரிசியில் நஞ்சு இருக்கிறது என்று அவர் சொன்ன காரணம் தவறு. கை காட்டிய இடம் சரி. 1905-06இல் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் கோலாலம்பூர் மனநல விடுதியில் ஒரு பிரிவுக்குப் பச்சரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கலும் கொடுத்துப் பார்த்தார். பச்சரிசிப் பிரிவில் நோய் கிளம்பியது. இன்று எந்த நெறிக்குழுவும் அனுமதிக்காத சோதனை அது.

நெல்லை ஊறவைத்து ஆவியில் அவிக்கும்போது, உமிக்கு உள்ளே தவிட்டிலும் முளையிலும் இருக்கும் தயமின் நீரோடு சேர்ந்து மணியின் நடுவுக்கு இறங்குகிறது. சூட்டில் மாவுச்சத்து இளகி, ஆறும்போது இறுகிப் பிடித்துக்கொள்கிறது. பிறகு எவ்வளவு தீட்டினாலும் ஒரு பங்கு உள்ளே தங்கிவிடும். நெல் அவித்த நம் பாட்டிமார்கள் பி1 பற்றி எதுவும் அறிந்தவர்கள் அல்லர். குத்தும்போது மணி உடையாது, பூச்சி அரிக்காது என்பதுதான் அவர்கள் கணக்கு.

எந்த வழக்கமும் எல்லாவற்றிலிருந்தும் காப்பாற்றாது. 1915 டிசம்பரிலிருந்து 1916 ஏப்ரல் வரை மெசபடோமியாவின் கூட் நகரில் துருக்கியர் முற்றுகையில் ஒரே படை சிக்கியிருந்தது. வெள்ளை ரொட்டியும் குதிரைக் கறியும் தின்ற பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குப் பெரிபெரி. ஆட்டா தின்ற இந்தியர்களுக்கு அது இல்லை. ஆனால் குதிரைக் கறியைத் தொடாத இந்தியர்களை ஸ்கர்வி பிடித்தது. இறைச்சியில் கொஞ்சம் இருந்த வைட்டமின் சி அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

மறுபடி காத்தோங்குக்கு வருவோம். அங்கே மேயர் சாலையில் கடல் பார்த்த வீட்டில் தங்கியிருந்த சுபாஷ் சந்திர போஸின் படையில் மலாயாத் தோட்டத்துத் தமிழ் இளைஞர்கள் ஏராளம். அந்தப் படை 1944இல் இம்பால் எல்லையில் மழையில் சிக்கி, விநியோகம் அறுந்து, சோற்றோடு காட்டுப் புல்லும் தழையும் தின்றது. ஆட்கள் பட்டினியில் சாவதைத் தளபதி ஷா நவாஸ் கான் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். போர் முடிந்ததும் அந்தப் படையினர் மீது பிரிட்டிஷார் நடத்திய செங்கோட்டை வழக்கில் அது சான்றாக வந்தது.

இப்போதைய சிங்கப்பூரில் 1967 முதல் தேசிய சேவை என்ற கட்டாய ராணுவப் பணி. காட்டுப் பயிற்சிக்குப் போகும் பிள்ளைகளுக்குக் கையில் கொடுப்பது தடித்த பையில் அடைத்த சோறும் நூடுல்ஸும், பல்லைப் பதம் பார்க்கும் கெட்டி பிஸ்கட்டும். முஸ்லிம்களுக்கும் சைவர்களுக்கும் தனித்தனிப் பை. மூடிய பையை அழுத்தத்தில் சுமார் 121 டிகிரிக்குச் சூடேற்றிக் கிருமி கொன்றால் மாதக்கணக்கில் கெடாது. அந்தச் சூட்டுக்குத் தயமின்தான் முதல் பலி. அதனால் இப்படிப்பட்ட உணவு தயாரிப்பவர்கள் வைட்டமினைத் தனியே சேர்ப்பது வழக்கம். அப்படிச் சேர்க்கும் பி1ஐ 1936இல் ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டிய ராபர்ட் வில்லியம்ஸ், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரில் பிறந்தவர்.

சாங்கியில் சிலருக்குக் கால் வீங்கவில்லை. வாந்தி, தானாக ஆடும் கண், பிறகு குழப்பம். பெரும்பாலும் குடிகாரர்களின் நோயாக அதுவரை அறியப்பட்ட மூளைக் கோளாறு அது; முகாமிலோ சொட்டு மது இல்லை. மருத்துவர்கள் டி வார்டனரும் லெனாக்ஸும், கையிலிருந்த கொஞ்சத் தயமினை ஊசியில் ஏற்றிப் பலரை மீட்டார்கள். குறிப்புகளைப் புதைத்து வைத்து, போர் முடிந்ததும் தோண்டியெடுத்து, 52 பேரின் கதையை 1947இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். நீண்ட பட்டினிக்குப் பிறகோ குடிப்பழக்கத்தாலோ குழம்பிய நிலையில் ஒருவர் அவசர சிகிச்சைக்கு வந்தால், குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்பே அல்லது அதோடு சேர்த்தே இன்று தயமின் ஊசி போடுகிறார்கள். வெறும் சர்க்கரை மட்டும் போனால், மிச்சமிருக்கும் பி1ஐயும் அது தின்று தீர்த்துவிடும்.