காட்டின் சமிக்ஞைகள்

நீலகிரியின் வடமேற்கு அடிவாரத்தில், பந்திப்பூருக்கும் வயநாட்டுக்கும் நடுவே பரந்து கிடக்கும் முதுமலை, 1940-ஆம் ஆண்டில் வனவிலங்குச் சரணாலயமாக அமைக்கப்பட்டது. அங்கே வனத்துறை வண்டியில் ஏறிச் செல்வோரில் அநேகர், புலியைக் கண்டே தீர்வது என்ற சங்கல்பத்துடன் புதருக்குப் புதர் பார்வையை ஓட்டிவிட்டு, மான்களைத் தவிர வேறொன்றும் அகப்படவில்லையே என்ற மனக்குறையோடு திரும்புகிறார்கள். அவர்கள் அலட்சியமாகக் கடந்துவந்த மான்களே புலியின் வரவை முன்னறிவிப்பவை.

காட்டில் விலங்குகளைக் காண்பதற்குக் கண்ணுக்கு நிகரான சாதனம் காது. உச்சாணிக் கிளையில் அமர்ந்து நெடுந்தூரம் நோக்க வல்ல மந்தியும், அது கடித்து உதிர்க்கும் தழைகளைத் தின்றபடி கீழே நிற்கும், மோப்பத்தில் தேர்ந்த புள்ளிமானும் ஒன்றுக்கொன்று துணையாக இருக்கின்றன. மந்தி இருமுவதுபோல் கரகரக்க, மான்கள் கீச்சென்று கூவி வாலை நிமிர்த்தி ஒரே திசையை உற்று நோக்குமானால், அங்கே புலியோ சிறுத்தையோ செந்நாயோ சஞ்சரிப்பதாக ஊகிக்கலாம். புள்ளிமான் சில சமயம் வெறும் சருகோசைக்கும் மிரளும். ஆனால் கடமான் தரையை உதைத்துக்கொண்டு மீண்டும் மீண்டும் உரத்துக் குரல் கொடுத்தால், அது பெரும்பாலும் பொய்ப்பதில்லை.

மண்ணும் சாட்சி கூறும். புலியும் சிறுத்தையும் நகங்களை உள்ளிழுத்துக்கொண்டு நடப்பதால் அவற்றின் தடத்தில் நகக்குறி காண்பதரிது. செந்நாயின் தடத்திலோ அது தெளிவாகப் பதியும். வாடாத முறிகிளையும் ஈரம் உலராத லத்தியும் யானைகள் சமீபத்தில் இருப்பதை உணர்த்தும்.

கோடையில் இலையுதிர்ந்து, ஓடைகள் வற்றி, விலங்குகள் மாயாற்றை நாடி வரும் நாட்களில், விடியற்காலையும் அந்திப்பொழுதும் காட்சிக்கு உகந்தவை. எனினும் உண்ணிச்செடி அடர்ந்த இடத்தில் காட்டெருமை பத்தடி தள்ளி நின்றாலும் புலப்படாமல் போகலாம்.

அ. மாதவையாவின் புதல்வரும், 1950 முதல் 1996-இல் மறையும்வரை 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் இயற்கையைப் பற்றி எழுதிவந்தவருமான மா. கிருஷ்ணன், யானையைப் போலவே அணிலையும் காகத்தையும் சிரத்தையுடன் கவனித்தவர். அந்தச் சிரத்தையே வனம் புகுவோருக்கு வேண்டிய முதல் யோக்கியதை. ஆகவே வாசகர்களே, முதுமலைக்குப் போனால் உரத்துப் பேசாதீர்கள், வண்டியைவிட்டு இறங்காதீர்கள், விலங்குகளுக்குத் தின்பண்டம் எறியாதீர்கள். மான்கூட்டம் தென்பட்டால், வண்டியைச் சற்றே நிறுத்தச் சொல்லி, அது எத்திசையை நோக்குகிறது என்று பாருங்கள்.