மலை வராது, மொழி வரும்

கடல் கடந்து வாழும் பகோசி மக்களின் சங்கங்கள் எதைக் காப்பாற்றுகின்றன, எதைத் தவறவிடுகின்றன?

காஃபினே இல்லாமல் இயற்கையாக வளரும் ஒரு காபி இனத்தைத் தாவரவியலாளர்கள் 2008-ல் உலகுக்கு அறிவித்தார்கள். 'காஃபியா சாரியெரியானா' என்று பெயர். அது கிடைத்த இடம், மத்திய ஆப்பிரிக்க நாடான கேமரூனின் பகோசிக் காடு. அதே வட்டாரத்தில் கிடைத்த இன்னொரு காபி இனத்துக்கு அந்த மண்ணின் பெயரையே சூட்டினார்கள். லண்டன் கியூ தாவரவியல் பூங்கா 2004-ல் வெளியிட்ட நூல், இந்த மலைகளில் 2,400-க்கும் மேற்பட்ட தாவர வகைகளைப் பட்டியலிட்டது. வெப்பமண்டல ஆப்பிரிக்காவில் இவ்வளவு செழிப்பான மலைக்காடுகள் அதிகமில்லை.

இந்தக் காடு பிழைத்திருப்பதற்குச் செங்குத்தான சரிவும் விடாத மழையும் மட்டும் காரணமல்ல. 2,064 மீட்டர் உயரமுள்ள கூப்பே மலை, பகோசி மக்களுக்கு முன்னோர் குடியிருக்கும் இடம். அதன் உச்சிக் காட்டில் கோடாரி வைக்க அவர்கள் அஞ்சினார்கள். வடக்கே முவானெங்குபா மலையில் பக்கம் பக்கமாக இரண்டு எரிமலை ஏரிகள் உள்ளன. பச்சை நிறத்தில் சிறியது ஆண் ஏரி, நீல நிறத்தில் பெரியது பெண் ஏரி. அந்த மலையில் குடியேறிய ங்கோவே என்ற வேட்டைக்காரனும் அவன் மனைவி சுமேடியாங்கும்தான் தங்கள் ஆதித் தாய் தந்தை என்பது பகோசிகளின் நம்பிக்கை. அக்கம்பக்கத்து இனக்குழுக்கள் பலவும் தங்களை அந்தத் தம்பதியின் வழிவந்தவர்கள் என்றே சொல்லிக்கொள்கின்றன.

இப்படி மலையோடும் ஏரியோடும் பின்னிக் கிடக்கும் ஒரு பண்பாட்டை, அமெரிக்காவின் மேரிலாண்டிலோ டெக்சாஸிலோ ஒரு வாடகை மண்டபத்துக்குள் வைத்துக் காப்பாற்ற முடியுமா? கேமரூனியர் திரளாக வாழும் நகரங்களில் பகோசிச் சங்கங்களின் முன் நிற்கும் கேள்வி இதுதான்.

சாவுக்குத் தோள் கொடுப்பவர்கள்

புலம்பெயர்ந்த கேமரூனியரின் சங்கம் எதுவானாலும் அதன் அடித்தளம் பணமும் சாவும்தான். மாதம் ஒருமுறை ஓர் உறுப்பினர் வீட்டிலோ மண்டபத்திலோ கூடுகிறார்கள். பிரார்த்தனை, கடந்த கூட்டத்தின் குறிப்பு, சந்தா, பிறகு சாப்பாடு. இதோடு 'ன்ஜாங்கி' நடக்கிறது. எல்லோரும் மாதாமாதம் ஒரு தொகை போட, முறை வைத்து ஒருவர் மொத்தமாக எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு. நம் ஊர்ச் சீட்டுப் போலத்தான். ஆனால் பெரும்பாலும் ஏலமும் தள்ளுபடியும் இல்லை. வங்கி கடன் கொடுக்கத் தயங்கும் புதிதாக வந்தவருக்கு, இதுவே முதல் காருக்கும் கல்லூரிக் கட்டணத்துக்கும் கைமுதல்.

ஒருவர் இறந்துவிட்டால் சங்கத்தின் உண்மையான பலம் தெரியும். உடலைச் சொந்த ஊருக்கு அனுப்பிக் குடும்ப மண்ணில் அடக்கம் செய்வது அவர்களுக்குக் கடமை. விமானச் செலவும் பதப்படுத்தும் செலவும் சேர்ந்தால் பல ஆயிரம் டாலர். ஒரு குடும்பத்தால் தாங்க முடியாத அந்தச் சுமையைச் சங்கம் பங்கு போட்டு ஏற்கிறது. விடிய விடியத் துக்கம் காக்கிறார்கள், அழுகிறார்கள், பாடுகிறார்கள். ஊரில் சாவு எப்படி ஊருக்கே பொதுவோ, அங்கேயும் அப்படியே. இதைப் பண்பாட்டுப் பணி என்று யாரும் அறிக்கையில் எழுதுவதில்லை. ஆனால் பகோசி மரபில் மிகப் பத்திரமாகக் கடல் கடந்தது இதுதான்.

கோடை விடுமுறையில் ஆண்டு மாநாடு. பெண்கள் தொளதொளப்பான 'கபா' அங்கியிலும், ஆண்கள் வெள்ளைச் சட்டையும் இடுப்பில் 'சான்ஜா' துணியுமாக வருகிறார்கள். வாழைக்காயும் சேம்புக்கிழங்கும் பாமாயிலில் மணக்கின்றன. ஆட்டம் நடக்கிறது, ஊர்ப் பள்ளிக்கும் மருந்தகத்துக்கும் நிதி திரள்கிறது. குழந்தைகள் கைதட்டிப் படமெடுக்கிறார்கள். பெரும்பாலான குழந்தைகள் பேசுவது ஆங்கிலம்.

இரண்டு முறை ஓரம் கட்டப்பட்ட மொழி

எல்லா மரபும் கப்பல் ஏறாது. 'முவான்கும்' என்பது பகோசி ஆண்களின் ரகசியச் சங்கம். பெண்களும் தீட்சை பெறாதவர்களும் அதைப் பார்க்கக் கூடாது. ஊர் ஒழுங்கை நிலைநிறுத்திய அமைப்பு அது. அதன் அதிகாரம் ஊரின் மண்ணிலிருந்தும் பெரியவர்களிடமிருந்தும் வருவது. மேடையில் ஆட்டமாக நடித்துக் காட்டலாம். அதன் தீர்ப்பைக் கொண்டுவர முடியாது. அது ஊரிலேயே இருப்பதுதான் அதற்கு மரியாதை.

மொழி அப்படியல்ல. 'அகோசே' என்ற அவர்களின் மொழியைச் சுமார் ஒரு லட்சம் பேர் பேசுவதாக மதிப்பீடு. பாண்டு குடும்பத்தைச் சேர்ந்தது. குரலின் ஏற்ற இறக்கமே பொருளை மாற்றும். இந்த மொழி வெளிநாட்டுக்கு வந்த பிறகுதான் நலிந்தது என்று நினைத்தால் தவறு. 1896-ல் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷனரி அமைப்பு கூப்பே மலையடியில் நியாசோசோவில் நிலையம் அமைத்தது. மிஷனரி ஹைன்ரிஷ் டோர்ஷ் 1910-ஐ ஒட்டியே இம்மொழிக்கு இலக்கணம் எழுதினார். ஆனாலும் தேவாலயமும் மிஷன் பள்ளியும் கடற்கரை மொழியான டுவாலாவையே கையாண்டன. பகோசிகள் பக்கத்து மொழியில் ஜெபித்தார்கள். முதல் உலகப்போரில் ஜெர்மனி தோற்றதும், அதன் காலனியாக இருந்த நாடு பிரிட்டனுக்கும் பிரான்ஸுக்கும் பங்கு போடப்பட்டது. பகோசி மண்ணின் பெரும்பகுதி பிரிட்டிஷ் பக்கம் விழுந்தது. அதன்பின் பள்ளியில் ஆங்கிலம், சந்தையில் பிட்ஜின் என்ற கலப்பு ஆங்கிலம். வீட்டுத் திண்ணையில் மட்டும் அகோசே தங்கியது.

திண்ணை இருந்தவரை கவலையில்லை. வெளிநாட்டில் பிறந்த பிள்ளையை விடுமுறைக்குப் பாட்டி வீட்டுக்கு அனுப்பினால் போதும். திரும்பி வரும்போது நாலு வார்த்தையோடு வரும். அந்த வழியும் அடைபட்டுவிட்டது. கேமரூனின் ஆங்கிலம் பேசும் இரு மாகாணங்களில் 2016-ல் வழக்கறிஞர்களும் ஆசிரியர்களும் தொடங்கிய போராட்டம் ஆயுத மோதலாக மாறியது. மனித உரிமை அமைப்புகளின் கணக்கில் குறைந்தது 6,000 பேர் உயிரிழந்தார்கள், லட்சக்கணக்கானோர் வீடிழந்தார்கள். பள்ளிகள் ஆண்டுக்கணக்கில் மூடிக் கிடந்தன. பாங்கெம், டொம்பெல், நுகுட்டி வட்டாரங்கள் அடங்கிய பகோசி நாடும் தப்பவில்லை. அமெரிக்கா 2022-ல் கேமரூனியருக்குக் கொடுத்த தற்காலிகப் பாதுகாப்பை 2025-ல் முடித்துக்கொண்டது. ஊரிலும் பயம், அமெரிக்காவிலும் பயம். ஊரில் பாட்டிகளே சிதறிப்போன நிலையில், பேரப்பிள்ளைக்கு மொழியைக் கொடுக்கும் பொறுப்பு சங்கத்தின் தலையில் வந்து நிற்கிறது.

மறைக்கக் கூடாத பக்கம்

மரபைக் கற்பிப்பவர்கள் இன்னொன்றையும் கற்பிக்க வேண்டும். 1966 டிசம்பர் 31-ல் டொம்பெல் பகுதியில் பகோசிகளுக்கும் அங்கே குடியேறியிருந்த பாமிலேக்கே மக்களுக்கும் இடையே கொலைவெறி மூண்டது. இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் பாமிலேக்கேகள். கோகோ விளையும் நிலம் யாருக்கு என்ற பகையும், அரசுக்கு எதிரான அன்றைய கிளர்ச்சிக் காலத்து அச்சமும் சேர்ந்து மூட்டிய நெருப்பு அது. 'நாங்கள் மண்ணின் மைந்தர்கள்' என்ற பெருமிதம் எந்த இடத்தில் நஞ்சாகிறது என்பதற்கு அந்த நாள் சாட்சி. இன்று வெளிநாட்டில் இந்த இரு இனத்தாரின் பிள்ளைகளும் ஒரே பள்ளிப் பேருந்தில் போகிறார்கள். ங்கோவேயின் கதையைச் சொல்லித்தரும் சங்கம் டொம்பெலின் கதையையும் சொல்லித்தந்தால்தான் அது நேர்மையான மரபுக் கல்வி.

செய்ய வேண்டியது

கருவிகள் இல்லாமலில்லை. மொழியியலாளர் ராபர்ட் ஹெடிங்கர் பல ஆண்டு உழைத்து எழுதிய அகோசே இலக்கணம் 2008-ல் வந்தது. மொழிக்கு எழுத்துமுறை இருக்கிறது. பகோசி அறிஞர் எஜெடேபாங்-கோகே தம் மக்களின் மரபை 1971-லேயே நூலாக்கினார். பற்றாக்குறை நூலில் இல்லை. பேசும் நேரத்தில் இருக்கிறது.

ஆண்டு மாநாட்டின் மண்டப வாடகைக்கும் விருந்துக்கும் ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியை வார இறுதி வகுப்புக்குத் திருப்பலாம். அதைவிட அவசரமானது பதிவு. வெளிநாட்டில் மகன் மகள் வீட்டில் வந்து தங்கியிருக்கும் முதியவர்களை உட்காரவைத்து, கதையை, வம்சாவளியை, செடி கொடிகளின் பெயர்களை, தாலாட்டை, ஒப்பாரியை அவர்கள் குரலிலேயே பதிய வேண்டும். குரலின் ஏற்ற இறக்கத்தில் பொருள் வைத்த மொழிக்கு, எழுதிய தாள் பாதி ஆவணம்தான். இதற்கு வேண்டியது ஒரு கைப்பேசியும் ஒரு மாலைப்பொழுதும். மாதக் கூட்டத்தின் முதல் அரைமணி நேரம் அகோசே மட்டும் பேசுவது என்று விதி வைத்தால் அதற்குச் செலவே இல்லை.

சாவுக்கு இவ்வளவு ஒழுங்காகக் கூடுகிறவர்களால் மொழியின் வாழ்வுக்கும் கூட முடியும். ஆடையும் ஆட்டமும் அடுத்த ஆண்டு வரை காத்திருக்கும். முதியவர்கள் காத்திருக்க மாட்டார்கள். பகோசிச் சங்கங்கள் இந்த ஆண்டே ஒலிப்பதிவைத் தொடங்க வேண்டும்.